பெல்லட்டா, பச்சை இறாலா? வேட்டை மீன் தீனிகள் பற்றி ஒரு விமர்சனம்

சென்னை கொளத்தூர் பக்கம் எந்த வளர்ப்பு மீன் கடையில் போய் ஆஸ்கர், அரோவானா மாதிரி வேட்டை மீன்களுக்கு என்ன போடலாம் என்று கேட்டாலும், கடைக்காரர் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். புது ஆள் என்று தெரிந்தால் பெல்லட் (உருண்டைத் தீனி) டப்பா மேஜைக்கு வரும். கொஞ்சம் விவரமானவன் என்று பட்டால், "பெல்லட் எல்லாம் சும்மா சார், இறால் போடுங்க, ஃபீடர் போடுங்க, அப்பதான் உடம்பு வைக்கும்" என்பார். ஃபீடர் என்றால் இரையாகப் போடுகிற உயிருள்ள சின்ன மீன். அவருக்கு இரண்டும் வியாபாரம். நமக்குத்தான் தலைவலி.

என் ஆறடித் தொட்டியில் இருப்பது ஒரு சில்வர் அரோவானா, இரண்டு ஆஸ்கர், அடியில் ஒரு செனகல் பிச்சிர் (விலாங்கு மாதிரி நீளமான, அடியில் வாழும் மீன்). (அரோவானா இன்னும் சின்னதுதான், வளர்ந்தால் இந்தத் தொட்டி போதாது என்று எனக்கும் தெரியும், அந்தச் சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.) இவற்றுக்கு பெல்லட், ஸ்டிக், பச்சை இறால், மீன் துண்டு, உலர்ந்த பூச்சி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எனக்கு வந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினப்படி சாப்பாடு பெல்லட், வாரத்தில் ஓரிரு வேளை இறாலோ மீனோ, உயிர் ஃபீடர் அறவே கிடையாது. இதைத்தானே எல்லோரும் சொல்கிறார்கள் என்பீர்கள். சரிதான், ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. பெல்லட் கட்சியும் சில விஷயங்களை மூடி மறைக்கிறது.

பச்சைத் தீனிக்காரர்கள் முதலில் எடுப்பது "இயற்கை உணவு" என்ற வாதம். எது இயற்கை? சில்வர் அரோவானா அமேசான் வெள்ளக் காடுகளில் வாழ்கிற மீன். தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையில் இருக்கிற வண்டையும் சிலந்தியையும் எகிறிப் பிடித்துத் தின்னும், அந்த ஊர்க்காரர்கள் அதை நீர்க்குரங்கு என்று கூப்பிடுவதே அதனால்தான். பூச்சிதான் அதற்குப் பெரும்பங்கு சாப்பாடு. நம் ஊர்க் கடல் இறாலை அது கனவிலும் கண்டிருக்காது. ரெட் டெயில் கேட்ஃபிஷ் என்கிற பெரிய கெளுத்தி, மீனும் நண்டும் தின்பதோடு, ஆற்றில் விழும் பழங்களையும் விழுங்குகிற ஜாதி. அப்படியிருக்க, தோலுரித்த இறாலையும் கோழி ஈரலையும் இயற்கை என்று சொல்லி, பெல்லட்டை மட்டும் செயற்கை என்று ஒதுக்குவதில் அர்த்தம் இல்லை. காட்டில் வேட்டை மீன் தன் இரை மீனை எலும்பு, குடல், செதிலோடு முழுசாக விழுங்கும். நாம் போடுவது வெறும் சதை. சதையில் புரதம் இருக்கும், சுண்ணாம்புச் சத்து இருக்காது, வைட்டமின் சி சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பெரும்பாலான மீன்களுக்கு வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும் வசதி இல்லை. மாதக்கணக்கில் அது கிடைக்காத குட்டிகளுக்கு முதுகெலும்பு வளைவதைப் பார்க்கலாம்.

அடுத்தது விலை. "பெல்லட் கிலோ ஆயிரத்துக்கு மேல, இறால் அதில் பாதி கூட இல்லை" என்பார்கள். இந்தக் கணக்கு சரியில்லை, ஏனென்றால் இறாலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு பேச்சுக்கு, சந்தையில் கிலோ 400 ரூபாய்க்கு தலையோடு இறால் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். தலையும் ஓடும் போனால் 550 கிராம் சதை தேறும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம், அதாவது 110 கிராம். நல்ல மாமிச உண்ணிப் பெல்லட்டில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும், 44 என்றே எடுத்துக்கொண்டால் அதே 110 கிராம் புரதத்துக்கு கால் கிலோ பெல்லட் போதும். கிலோ 1600 ரூபாய் விற்கிற பெல்லட்டும் அந்த இறாலும் கணக்கில் ஒன்றுதான். அதற்குக் கீழே விற்கிற எதுவும் இறாலைவிட மலிவு. உரிக்கிற நேரமும் கை நாற்றமும் இதில் சேரவில்லை.

ஆனால் பெல்லட் கட்சி மறைப்பதும் இதே கணக்கில்தான் இருக்கிறது. தண்ணீரை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் இறாலில் எண்பது சதவீதத்துக்கு மேல் புரதம். பெல்லட்டில் அது பாதிக்குச் சற்று கூடவோ குறையவோதான். மிச்சம் கொழுப்பு, சாம்பல் (தாது உப்புகள்), அப்புறம் மாவு. உருண்டை உதிராமல் நிற்கவும் மிதக்கவும் கோதுமை மாதிரி ஏதாவது ஒரு மாவு வேண்டும், அது இல்லாமல் மிஷினில் பெல்லட் வராது. வேட்டை மீனின் குடல் குட்டையானது, மாவுச்சத்தைச் சரியாகச் செரிக்காது. செரிக்காதது எங்கே போகும்? தொட்டியின் அடிக்குத்தான். பெல்லட்டுக்கு மாறியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், கழிவு அளவில் கூடும், பழுப்பாக நீளமாக வரும், ஃபில்டர் பஞ்சு சீக்கிரம் அடைக்கும். "பெல்லட் போட்டால் தண்ணீர் சுத்தமாக இருக்கும்" என்று டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம்.

பச்சைத் தீனியின் கெடுதல் வேறு மாதிரி. போட்ட கால் மணி நேரத்தில் தண்ணீர் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வரும், காற்றுக் குமிழி உடையாமல் ஓரத்தில் நுரையாக நிற்கும். திங்காத துண்டு கல்லுக்கு அடியில் போய்ச் சிக்கினால் மறுநாள் காலையில் அம்மோனியா ஏறியிருக்கும். ஒரு நல்லது உண்டு, துண்டு துண்டாகக் கண்ணில் படும், வலையை விட்டு எடுத்துவிடலாம். ஊறிக் கரைந்த பெல்லட்டை எந்த வலையாலும் எடுக்க முடியாது. கோடையில் எதைப் போட்டாலும் அளவு குறைய வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான், சென்னையில் மே மாதம் தொட்டி 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். வயிறு நிறைந்த பெரிய மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாதாந்திர மின்தடை அறிவித்த நாளில் தீனியே போடாதீர்கள்.

இனி ஃபீடர். கடை வாசலில் ஒரே தொட்டியில் நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்திருக்கிற கப்பி, மோலி, சின்ன கோல்ட்ஃபிஷ். அந்தத் தொட்டியை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பு ஒட்டிக்கொண்டு தள்ளாடுவது, உடம்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருப்பது, வால் அடியில் நூல் மாதிரி ஒன்று தொங்குவது எல்லாம் கண்ணில் படும். வெள்ளைப் புள்ளி நோய், நங்கூரப் புழு, குடல் புழு எல்லாவற்றையும் பத்து ரூபாய் கவரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை இது. பிடித்துத் தின்கிற காட்சி நன்றாக இருக்கும், வீடியோ எடுக்கலாம், வேறு பயன் இல்லை. ஃபீடருக்கே பழகிய மீன் வேறு தீனியை மதிக்காது. ஜிலேபி மீன் குஞ்சுகளைத் தானே வளர்த்து, நன்றாகத் தீனி கொடுத்துப் பிறகு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விஷயம் தனி. அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

கோல்ட்ஃபிஷில் நோய் இல்லாவிட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தயாமினேஸ் என்று ஒரு நொதி. கோல்ட்ஃபிஷ், காமன் கார்ப் போன்ற கெண்டை இனங்கள், நெத்திலி வகைகள், சில இறால் வகைகள் எல்லாவற்றின் உடம்பிலும் இது இருக்கும். இது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். எப்போதாவது போட்டால் ஒன்றும் ஆகாது. அதையே மாதக்கணக்கில் தினம் போட்டால் மீனுக்குப் பி1 தட்டுப்பாடு வரும்: முதலில் பசி குறையும், அப்புறம் நீந்தும்போது நிலை தடுமாறும், கடைசியில் இழுப்பு வந்த மாதிரி சுற்றிச் சுற்றி அடித்துக்கொள்ளும். நன்றாகத் தின்று கொழுத்திருந்த மீன் திடீரென்று இப்படிப் போனதாகச் சொல்பவர்களிடம் என்ன போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே தீனியின் பெயர்தான் வரும். ஃப்ரீசரில் வைத்தால் இந்த நொதி போகாது, உறைந்த நிலையிலும் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வேக வைத்தால் போய்விடும், கூடவே வேறு சத்துகளும் கொஞ்சம் போகும். எளிய வழி, வகையை மாற்றிக்கொண்டே இருப்பது. ஜிலேபி மீனில் இந்தத் தொல்லை இல்லை என்பதால் நான் துண்டு மீன் போடும்போது அதைத்தான் தேடி வாங்குகிறேன். மலிவும்கூட.

கோழி ஈரல், கோழி இதயம், மாட்டு இதயம் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. அந்தக் கொழுப்பு மீனின் உடம்புக்குப் பொருந்தாது, கல்லீரலில் படியும். குட்டிகள் மளமளவென்று வளரும் என்பது உண்மைதான். வளர்ந்த பிறகு பார்க்க வேண்டும்.

இறால் வாங்குவதானால் முழு இறாலாக வாங்குங்கள். உரித்துப் பாக்கெட்டில் அடைத்து உறைய வைத்து விற்பதில் எடை நிற்பதற்காக பாஸ்பேட் கரைசலில் ஊற வைத்தவை உண்டு, பாக்கெட் பின்னால் பொருட்பட்டியலைப் படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் காலையில் போனால் நல்லது, இல்லையென்றால் தெரு முனை மீன் அம்மாவிடமே சின்ன சைஸ் வெள்ளை இறாலாகக் கேளுங்கள். தலையில் இருக்கிற கூர்முள்ளை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு ஓட்டோடு போடலாம், சிவப்பு ஆஸ்கருக்கு நிறம் பிடிப்பதற்கான அஸ்டாஸாந்தின் அந்த ஓட்டில்தான் இருக்கிறது, உரித்து எறிகிறவர்கள் அதைத்தான் எறிகிறார்கள். வாங்கி வந்ததும் கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு சின்னச் சின்னக் கவரில் கட்டி, ஒரு வாரம் பத்து நாளாவது ஃப்ரீசரில் கிடக்கட்டும். புழுக்கள் சாகும். கிருமிகள் எல்லாம் சாகாது, ஆகவே அரைகுறையாக உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். வீட்டில் ஐஸ்கிரீம் பக்கத்தில் இறால் கவரை வைத்தால் வரும் சண்டைக்கு என்னிடம் மருந்து இல்லை.

இப்போது பெல்லட்டுகள். வேட்டை மீன் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஹிகாரி, ஜப்பானில் கியோரின் கம்பெனி தயாரிப்பது. அதில் அரோவானாவுக்கென்று வரும் ஃபுட் ஸ்டிக்ஸ் மிதக்கும் வகை. என் அரோவானா இதை எடுக்கும் விதமே தனி: தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல வரும், தாடையில் இருக்கிற இரண்டு மீசையும் முன்னால் நீட்டியிருக்கும், குச்சிக்கு நேர் கீழே ஒரு நொடி நிற்கும், அப்புறம் கீழ்த்தாடை பெட்டி மூடி போலத் திறந்து 'டப்' என்று ஒரு சத்தம். குச்சி இருந்த இடத்தில் சின்னச் சுழி மட்டும் இருக்கும். மிதக்கும் தீனி என்பதால் அது கீழே பார்த்துத் தேடுவதில்லை. அரோவானாவுக்குக் கண் கீழ் நோக்கித் தொங்குவதற்கு அடியில் விழும் தீனிதான் காரணம் என்று ஒரு கட்சி, கொழுப்புதான் காரணம் என்று இன்னொரு கட்சி. யார் சரியென்றாலும் மிதக்கும் குச்சியால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆஸ்கர் அப்படி நாகரிகமாகத் தின்னாது. பெல்லட்டை வாயில் வாங்கி, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடையில் வைத்து நொறுக்கும், செவுள் வழியாகத் தூள் புகை மாதிரி வெளியே வரும், பாதியைத் துப்பி மறுபடி எடுக்கும். ஆகவே ஆஸ்கருக்குப் பெரிய பெல்லட் வாங்குவது காசைத் தண்ணீரில் கரைப்பது. முழுதாக ஒரே வாயில் போகிற சைஸ் வாங்குங்கள், தூள் குறையும். அடியில் வாழும் பெரிய மீன்களுக்கு, ரெட் டெயில், திருக்கை மாதிரி, ஹிகாரியின் மாஸிவோர் டிலைட் என்று ஒன்று இருக்கிறது. மூழ்கும் வகை, சுண்டு விரல் பருமனுக்கு உருளையாக இருக்கும். வளர்ந்த மீன் வைத்திருப்பவர்களுக்குச் சரி, என் வீட்டுப் பிச்சிருக்கு அது பெரிசு, உடைத்துத்தான் போட வேண்டியிருந்தது. பிச்சிருக்குக் கண் பார்வை மந்தம், மோப்பம்தான் எல்லாம், இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன மூழ்கும் பெல்லட்டைப் போட்டால் தானே தேடி வந்து தின்னும். நம்ம ஊர் கம்பெனியான டையோ போன்றவற்றிலும் மலிவாகத் தீனி கிடைக்கிறது. எந்த பிராண்டானாலும் முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்: பொருட்பட்டியலில் முதல் பெயர் மீன் மாவாகவோ இறால் மாவாகவோ இருந்தால் எடுக்கலாம், கோதுமையோ சோயாவோ முதலில் வந்தால் அதைக் கெண்டை வளர்ப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பிராண்டைவிட முக்கியமானது டப்பா திறந்த பிறகு நடப்பது. நம் கடலோர ஈரத்தில் பெல்லட் பாழாகும் வேகம் டப்பாவில் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்குத் தெரியாது. மீன் எண்ணெய் காற்றுப் பட்டாலே கெடும். நல்ல பெல்லட்டை நகத்தால் உடைத்தால் கருவாட்டு வாசனை வரும், கெட்டதில் பெயின்ட் வாடை, இல்லையென்றால் பழைய எண்ணெய்ப் பலகாரத்தின் சிக்கு வாடை வரும். நியூஸ்பேப்பரில் இரண்டு உருண்டையை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், எண்ணெய் வட்டம் பெரிதாக இருந்தால் கொழுப்பு வெளியில் பூசியது. ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தண்ணீர் சிவப்பாக மாறினால் சாயம். ஒரு கடையில் பெரிய மூட்டையில் இருந்து பிரித்து ஜிப் கவரில் அடைத்து விற்ற பெல்லட்டை வாங்கினேன். பாதி விலை, தேதி கிடையாது, பெயர் கிடையாது. இரண்டு வாரத்தில் ஆஸ்கர்கள் வாயில் வாங்கித் துப்ப ஆரம்பித்தன, கவரின் அடியில் பார்த்தால் பச்சையாகப் பூஞ்சை. மீன்களுக்கு இருந்த அறிவு அந்தக் கடைக்காரருக்கு இல்லை. பணம் திரும்பக் கேட்டதற்கு, "உங்க வீட்டுல ஈரம் சார்" என்றார்.

பெரிய பாக்கெட் லாபம் என்று வாங்காதீர்கள். இரண்டு மாதத்தில் தீருகிற அளவுதான் வாங்க வேண்டும், அதிலும் ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பாவில் வெளியே வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் வைட்டமின் சி-யும் கொஞ்சம் நாள் கூடுதலாக நிற்கும்.

"எல்லாம் சரி, என் மீன் பெல்லட்டைத் தொடவே மாட்டேன் என்கிறதே" என்பவர்களுக்கு. ஆரோக்கியமான வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் எதுவும் ஆகாது, அந்த ஒரு வாரத்தைத் தாங்க முடியாதது நம் மனசுதான். குட்டிகளை மட்டும் அப்படிப் போடக் கூடாது. பட்டினிக்குப் பிறகு இறாலின் வயிற்றைக் கீறி உள்ளே ஒரு பெல்லட்டைத் திணித்துக் கொடுங்கள். சில வேளை கழித்து இறாலைச் சின்னதாக்கி பெல்லட்டைக் கூட்டுங்கள். பிறகு இறால் கழுவிய தண்ணீரில் சில நொடி நனைத்த பெல்லட். கூடவே பெல்லட் தின்கிற ஒரு மீன் தொட்டியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம், பக்கத்தில் ஒருத்தன் தின்றால் பொறாமையில் இதுவும் வாய் வைக்கும். ஆஸ்கர் சில நாளிலேயே வந்துவிடும், பீகாக் பாஸ் என்கிற வேட்டை மீன் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், டாட்னாய்டு என்கிற இன்னொரு வேட்டை மீன் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் தயாராக இருக்க வேண்டும், சில கடைசி வரை வராது. வராத மீனைச் சாகவிட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள், முழு மீனும் இறாலும் மாற்றி மாற்றிப் போட்டு, இறாலுக்குள் அவ்வப்போது பெல்லட்டை ஒளித்துவைத்தே காலத்தை ஓட்டலாம்.

எவ்வளவு, எத்தனை தடவை என்பதில் எல்லோரும் தாராளப் பிரபுக்கள். குட்டிக்குத் தினம் இரண்டு வேளை. வளர்ந்த ஆஸ்கர், அரோவானாவுக்கு வாரத்தில் நான்கு நாள் போதும். பெரிய ரெட் டெயிலுக்கு வாரம் ஒன்றிரண்டு தடவை தாராளம். அளவுக்கு மீறித் திணித்தால் அது மறுநாள் கக்கிவிடும், அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்தவர்களுக்குத்தான் அந்த வாடை தெரியும்.

மதிப்பெண் கேட்டால்: நல்ல மீன் மாவுப் பெல்லட்டுக்குப் பத்துக்கு எட்டு, அதில் சேர்க்கிற கோதுமை மாதிரி மாவுக்காக ஒன்றும் விலைக்காக ஒன்றும் பிடித்துக்கொண்டேன். ஓட்டோடு வெள்ளை இறால், துணைத் தீனியாக ஏழு, அதையே தனித் தீனியாக்கினால் நான்கு. ஜிலேபி மீன் துண்டு ஆறு, சின்ன முழு மீனாகக் கிடைத்தால் ஏழு. கோழி ஈரல் ஒன்று. கடைத் தொட்டி ஃபீடருக்குப் பூஜ்யம். உலர்ந்த பூச்சிகளுக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு என் மீன்கள் ஒத்துழைக்கவில்லை. அரோவானா ஆசையாகத்தான் தின்கிறது, ஆஸ்கர் இரண்டும் வண்டின் ஓட்டைத் துப்பித் துப்பி ஃபில்டர் வாயை அடைத்துவிடுகின்றன.